ஒரு ஸ்பூன் நுரை

ஸ்பூனில் எடுத்ததை அவர் மறுபடியும் டம்ளரிலேயே ஊற்றினார். சற்று முன்பும் அப்படித்தான் செய்திருந்தார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது. தலையணையில் சாய்ந்தபடி மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிப் போகுது," என்றாள். வார்த்தைகள் குழறித்தான் வந்தன. இப்போதெல்லாம் அவள் பேச்சு அவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் பிடிபடும்.

"வேணாம்மா. அவ வந்துரட்டும். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா விடுவாளா?"

விடமாட்டாள். அது அவருக்கும் தெரியும். கட்டிலுக்கு மேலே சுவரில் மகள் ஒரு தாளை ஒட்டிவைத்திருந்தாள். 'வாய் வழியாக எதுவும் கூடாது. தண்ணீர்கூட.' தொண்டைத் தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகிற நோய். விழுங்குவது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் அவளுக்கு எல்லாம். உதடு காய்ந்தால் ஈரப் பஞ்சை வைத்துத் துடைப்பார்கள். வாய்க்கு அதற்கு மேல் வேலை இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு, கீழே கிணறு மாதிரி இருட்டுக் கிடக்க, கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவியவர். அங்கெல்லாம் தயங்காத கை இந்தச் சின்ன ஸ்பூனை அவள் வாய்வரை கொண்டுபோக மறுத்தது.

"நான் குடிக்கப்போறேன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள், மூச்சு வாங்கி வாங்கி. "ருசி பாத்துட்டுத் துப்பிடுவேன். காலமெல்லாம் அதுதானே எனக்குப் பொழப்பு?"

உண்மைதான். அவள் வேலை பார்த்தது கொக்கோ பவுடர் தயாரிக்கும் கம்பெனியில். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகக் கலந்து டப்பாவில் அடைத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு கலவையையும் காய்ச்சி இவள் முன்னால் வைப்பார்கள். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, பக்கத்தில் இருக்கும் பேசினில் துப்புவாள். சரியாக இருந்தால் "போகலாம்" என்பாள். இல்லையென்றால் "திரும்பட்டும்". வேறு வார்த்தையே கிடையாது. வீட்டில் அவர் சமைக்கிற அன்றும் அதே தீர்ப்புதான். நல்லாயிருக்கு என்று அவள் வாயால் கேட்டவர்கள் யாருமில்லை.

எப்போதும் கொக்கோ நிறத்தில் இருக்கும் நாக்கைப் பார்த்துக் கூட வேலை செய்த பெண்கள் 'கருநாக்கு' என்று பேர் வைத்தார்கள். இது கப்பலேறினாலும் திரும்பி வந்துடும் என்று அவள் சொன்ன சரக்கு ஒருமுறை நிஜமாகவே திரும்பி வந்தது. அதிலிருந்து பேர் நிலைத்துவிட்டது. அவள் கோபப்பட்டதில்லை. "நாக்கு நீளம்னு மாமியார் வீட்டுல திட்டு வாங்குனேன். இங்க அதுக்குச் சம்பளமே குடுக்குறாங்க," என்று சிரிப்பாள்.

புதுக் குழாய் வாங்க மகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் மனைவி இதைக் கேட்டுவிட்டாள். சமையலறை மேல்தட்டில் சாம்பிள் டப்பாக்கள் இருந்தன. மூன்றை மட்டும் எடுக்கச் சொன்னாள். வாயில் கடைசியாக மருந்துக் கசப்பு மட்டும் தங்கிவிடக் கூடாது என்றாள். மாட்டேன் என்றுதான் சொன்னார். அவள் கெஞ்சவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"தலையச் சாய்ச்சுக்கோ. கன்னத்துப் பக்கமா வழிய விடு. முழுங்கக் கூடாது, சரியா?"

"சரிங்க டாக்டர்."

முதலில் ஸ்பெயினுக்குப் போகிற பவுடர். பாலில் மாவு மாதிரிக் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும். ஸ்பூனின் நுனியால் துளி எடுத்து அவள் நாக்கில் தடவினார். ஒரு கையில் கிண்ணத்தைக் கன்னத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டார். இன்னொரு கை சளி உறிஞ்சும் மெஷினின் பொத்தான்மேல் இருந்தது. அவள் கண்களை மூடினாள். கன்னம் லேசாக அசைந்தது. பிறகு பழுப்பாக ஒரு கோடு உதட்டோரம் வழிந்து கிண்ணத்தில் விழுந்தது. அவர் அதுவரை மூச்சு விடவில்லை.

"கட்டி தட்டிருக்கு," என்றாள். "திரும்பட்டும்."

"நான் என்னத்தக் கண்டேன்? டீயே ஒழுங்காப் போடத் தெரியாது."

"அங்க இத ஸ்பூன் நிக்கிற மாதிரிக் காய்ச்சி... பொரிச்ச மாவுப் பண்டத்தை முக்கித் தின்பாங்க. காலைப் பசிக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "பிலிப்பைன்ஸுல அரிசிக் கஞ்சியிலயே கொக்கோ போடுவாங்க. தொட்டுக்கக் கருவாடு."

"கருவாடா?"

"ஆமா. இனிப்புக்கு உப்பு. நம்மளாட்டம்."

அடுத்தது கொலம்பியா. அங்கே சூடான கப்புக்குள் சீஸ் துண்டைப் போட்டுவிடுவார்களாம். ஃபிரிட்ஜில் மகள் வைத்திருந்த சீஸில் ஒரு துண்டைப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார். சூடு பார்க்கத் தானே ஒரு வாய் குடித்தார். நூல் மாதிரி நீண்ட சீஸ் மீசையில் ஒட்டிக்கொண்டு டம்ளர்வரை தொங்கியது. இழுக்க இழுக்க நீண்டது. அவள் சிரித்துவிட்டாள்.

சிரித்ததுதான் வினை.

வாயில் இன்னும் எதையும் வைக்கவில்லை. அவளுடைய எச்சிலே தவறான வழியில் இறங்கிவிட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இருமக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. கண்கள் பெரிதாகி அவரையே பார்த்தன. டம்ளர் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. மெஷினைப் போட்டுக் குழாயை வாய்க்குள் விட்டார். நர்ஸ் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் நினைவில்லை, கை தானாகச் செய்தது. உர்ரென்ற சத்தத்துக்கு நடுவே கொஞ்சம் காற்று உள்ளே போனது. பிறகு இன்னும் கொஞ்சம். உதட்டில் நிறம் திரும்பியது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது, வியர்வையா கொக்கோவா தெரியவில்லை.

"போதும். இனிமே நீ என்ன சொன்னாலும் கேக்கமாட்டேன். எனக்கு உயிரே போயிடுச்சு."

மூச்சு சீராகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"இல்ல."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

இத்தனை நாளில் அவள் அதைச் சொன்னதே இல்லை. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார்.

மெக்சிகோ டப்பா. பால் வேண்டாம், வெந்நீர்தான். பட்டை போட்டுக் கொதிக்கவிட்டு, நுரை எழும்பக் கடைய வேண்டும். அங்கிருந்து வந்த யாரோ கம்பெனியில் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன மரக் கடைக்கோல் இருந்தது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டினார். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"சத்தம் பத்தல. தண்ணியாட்டம் கேக்குது."

வேகமாக உருட்டினார்.

"இன்னும்."

தோள் வலிக்க உருட்டினார். சலசலப்பு அடங்கிச் சத்தம் கனத்தது. பார்த்தால், பாத்திரத்தின் விளிம்புவரை நுரை. உள்ளேயிருந்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் சரி.

"நுரை மட்டும்தான்," என்றார் பக்கத்தில் வந்து. "கீழ உள்ளது கிடையாது."

நுரையை மட்டும் ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்தார். கிண்ணத்தைக் கன்னத்துக்குக் கீழே பிடித்தார். அவள் கண்ணை மூடினாள். அவர் காத்திருந்தார். உதட்டோரம் ஒன்றும் வழியவில்லை. கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார், தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். வரவில்லை.

அவள் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

"ஏய்... முழுங்கிட்டியா?"

"ம்."

அவர் கை மெஷினுக்குப் போனது. இருமல் வரும், மூச்சு முட்டும் என்று அவள் முகத்தையே பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள்.

"போகலாம்," என்றாள்.

எதைச் சொல்கிறாய் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

காதை அவள் மார்புமேல் வைத்துக் கேட்டார். இரைச்சல் இல்லை. கரகரப்பு இல்லை. மூச்சு வந்தது, ஆனால் சின்னதாக. காலையிலும் இப்படித்தான் இருந்ததா? நினைவுபடுத்திப் பார்த்தார், தெரியவில்லை. மகளுக்குப் போன் செய்தார். என்னப்பா என்றாள். "ஒண்ணுமில்ல, எப்ப வருவே?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. வந்துகொண்டே இருக்கிறேன் என்றாள்.

வந்துகொண்டே இருக்கிறாள். அவர் சுற்றிலும் பார்த்தார். தரையெல்லாம் கொக்கோ. மூன்று டம்ளர், கிண்ணம், கடைக்கோல். தரையை அவசரமாகத் துடைத்தார். மற்றதை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் பாத்திரத்தில் பெரிய சத்தத்தோடு விழுந்தது. விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குழாயை மூடியபோது வீடு அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது.

ஈரக் கையோடு அறைக்கு ஓடினார். அவள் அப்படியே சாய்ந்திருந்தாள். கூப்பிட்டார். உலுக்கினார். கையை மூக்கின் அருகே வைத்தார், ஈரமான கையில் எதுவும் தெரியவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

அப்போது கீழே லிஃப்ட் கிளம்புகிற சத்தம் கேட்டது. இந்தக் கட்டிடத்து லிஃப்டின் ஒவ்வொரு முனகலும் அவருக்குத் தெரியும். ஏறி வருகிறது. வாழ்நாளெல்லாம் நின்றுபோன லிஃப்டுகளை ஓட்டிவிட்ட மனிதர், இது நடுவில் நின்றுபோகாதா என்று வேண்டிக்கொண்டார். அது நிற்கவில்லை. கதவு திறந்தது. சாவி திரும்பியது.

"என்னப்பா வாசனை?" என்றபடியே மகள் உள்ளே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

அவள் அழுது ஓய்கிறவரை அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நர்ஸுக்குப் போன் போனது. காலையும் மாலையும் வந்து பார்த்துப்போகிற பெண், பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள், உடனே வந்தாள். நாடி பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், ஸ்டெதாஸ்கோப்பை மடித்து வைத்தாள்.

"வாய்ல ஏதாவது குடுத்தீங்களா?"

மகள் நிமிர்ந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பாத்திரமெல்லாம் கழுவியாயிற்று.

"குடுத்தேன்," என்றார். "ரெண்டு வாட்டி. மொத வாட்டி துப்பிட்டா. கடைசில முழுங்கிட்டா."

"அப்பா!" மகளின் குரல் உடைந்தது. "தண்ணிகூடக் கூடாதுன்னு பெரிசா எழுதி ஒட்டிருக்கேனே, உங்க கண்ணுல படலையா?"

அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார்.

"முழுங்குனப்புறம் இருமுனாங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்ல."

"மூச்சு கரகரன்னு வந்துச்சா?"

"இல்லம்மா. சின்னதாகிட்டே போச்சு. நான் உள்ள... குழாயத் தொறந்து விட்டுட்டேன். கேக்கல."

"மூச்சுத் தசை விட்டுப்போனா இப்படித்தான் அடங்கும். ரெண்டு நாளாவே இறங்கிட்டுதான் இருந்துச்சு." அவள் தயங்கினாள். "இருமத் தெம்பில்லாதவங்களுக்கு இருமாமலும் உள்ள போகலாம். அதனாலதான்னு சொல்ல மாட்டேன். இல்லவே இல்லைன்னும் என்னால சொல்ல முடியாதுங்க."

அவர் நர்ஸின் வாயையே பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் கொள்ளாது என்று அவர்தான் சொன்னார். படியில் இறக்கினார்கள். திருப்பத்தில் எல்லாம் அவர் முன்னால் போய்க் கைப்பிடியில் இடிக்காமல் பார்த்துக்கொண்டார். மகள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சுடுகாட்டுக்குப் போகிற வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தபோதும் பேசவில்லை. அவள் எப்போது கேட்பாள், என்ன கேட்பாள் என்ற பயம்தான் அவருக்கு இருந்தது. துக்கம்கூட அதைத் தாண்டி மேலே வர முடியவில்லை.

எல்லாம் முடிந்து சாயங்காலம் வீடு திரும்பியபோது வாடகைக் கட்டிலை எடுக்க ஆள்கள் வந்து காத்திருந்தார்கள். மடக்கி, மெத்தையைச் சுருட்டி, மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அறை திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அவர் ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எதை முழுங்குனா?"

"நுரைய. வெந்நீர்ல கடைஞ்சது. மெக்சிகோவோடது."

"அம்மா கேட்டாளா, நீங்களா குடுத்தீங்களா?"

"கேட்டா. பயமா இருக்குன்னா."

மகள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முழுங்கிட்டு ஏதாவது சொன்னாளா?"

"போகலாம்னு சொன்னா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு சமையலறையில் ஏதோ சூடாகும் ஓசை கேட்டது. ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு வந்தாள். கதவிலிருந்து அவர் நாற்காலிக்கு நேராக நாலு எட்டு வைத்தால் போதும். அவள் சுவரோரமாக, தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒருக்களித்து, கட்டில் கிடந்த இடத்தைச் சுற்றி வந்தாள்.

அவர் காலை மடக்கி அவளுக்கு வழிவிட்டார்.