ஒரே ஒரு சந்தேகம்

காலையில் அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்ததும் போன் அடித்தால், தொழில் செய்கிறவனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். ஆலோசகருக்குக் கடுப்புதான் வந்தது. கூப்பிட்டது டேப்பு.

கிடங்குகளில் இரும்பு அடுக்குகளை எப்படி நிறுத்துவது, எதில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று சொல்வது அவர் பிழைப்பு. மூட்டை சுமந்த காலத்தில் முதுகு கற்றுக்கொடுத்த பாடம். தன்னிடம் வேலைக்கு இருந்து, அளவு டேப்பும் கையுமாக அலைந்து 'டேப்பு' என்றே பட்டப்பெயர் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு அவ்வளவையும் சொல்லிக்கொடுத்தார். போன மாதம் உரக் கிடங்கு முதலாளி அவளைக் கூடுதல் சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையோடு, "இனி எங்களுக்குச் சொந்த ஆள் இருக்கு" என்று ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டார். இருந்த ஒரே பெரிய வாடிக்கை அது. ஆளும் போச்சு, வேலையும் போச்சு. போகாதது இந்தப் போன் மட்டும்.

"அண்ணே, ஒரே ஒரு சந்தேகம்."

"நேத்தும் ஒண்ணுதான் கேட்ட."

எதிர் மேசையிலிருந்து அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அலுவலகத்தின் மற்றொரு ஊழியர் அவள்தான். "வித்த மாட்டுக்குத் தீனி போடுற ஆளை இங்கதான் பாக்குறேன்" என்றாள். "நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா அந்த மனுசன் தானா ஒப்பந்தத்துக்கு வருவாரு. இல்லைன்னா மாசக் கடைசியில கதவைச் சாத்திட்டு எங்க அண்ணன் கடையில போய் பொட்டலம் கட்டுங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

"டேப்பு, சந்தேகம் இருந்தா உங்க முதலாளியைப் பேசச் சொல்லு."

"எதிர்லதான் இருக்காரு. நீயே கேளுங்குறாரு. பாரம் தூக்குற வண்டி இடிச்சு அடுக்கோட நடுத்தூண் ஒண்ணு அடியில வளைஞ்சிருக்குண்ணே. பாரம் மேலேயே இருக்கு. இன்னும் ஏத்தச் சொல்றாரு. ஏத்தலாமா?"

ஆலோசகர் பட்டென்று போனை வைத்தார். மனைவி முதல்முறையாக மெச்சுகிற மாதிரி பார்த்தாள்.

அந்த மெச்சலை அவரால் அனுபவிக்க முடியவில்லை. இடதுகால் செருப்புக்குள் மூன்று விரல்தான் இருந்தது. மற்ற இரண்டும் இப்படி வளைந்த ஒரு தூணுக்கு அடியில் போனவை. ஏத்தலாம் என்று சொன்னவன் அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருந்தான். இப்போது அந்த அடுக்கின் கீழே யார் யார் நிற்கிறார்களோ.

"கூப்பிடாதீங்க" என்றாள் மனைவி.

கூப்பிட்டார். "ஏய், ஏத்தாதே. முதல்ல அந்த வரிசையில ஒரு ஆள்கூட நிக்கக் கூடாது. தூணுக்கு ரெண்டு பக்கமும் மேல்தட்டுல இருந்து வண்டியை வச்சே இறக்கு. கையால எவனும் இழுக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுண்ணே."

அவளுக்குப் பின்னால் முதலாளியின் சிரிப்பு கேட்டது. "நான் சொன்னேன்ல, அவரே கூப்பிடுவாருன்னு."

ஆலோசகருக்குக் காது சுட்டது. "சிரிக்கிறது இருக்கட்டும். ஆளுங்க வெளிய வந்தாச்சா?"

"வந்துட்டாங்கண்ணே."

மனைவி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அண்ணன்கிட்ட ரெண்டு பேருக்கும் சேர்த்தே வேலை கேட்டுட்டு வர்றேன்."

"அண்ணே, இருங்க, வச்சுடாதீங்க" என்றது போன். "இறக்கின மூட்டையை எங்க அடுக்குறது?"