குறி சொல்லாதவள்

பஞ்சாலை காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு, யாரும் சொல்லாமல் தானாக எழுந்துபோய்க் குளித்தது அன்றுதான். திருநீறு பூசி, மடிப்புக் கலையாத பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். மகள் ரோகினி எதிரே கைப்பேசியைத் தலையணைமேல் சாய்த்துவைத்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம் எதுவும் வேண்டாமா என்று பஞ்சாலை கேட்டாள்.

"வீடியோ கால்ல எப்படிம்மா பழம் குடுப்ப? சும்மா பேசு லா."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் ரோகினியின் கண்கள் தூங்கியதாகத் தெரியவில்லை. செனாவாங் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் நின்றிருந்தாள். அம்மா முதலில் கேன்டீன் வேலையை விட்டாள், பிறகு அடுப்பை, கடைசியில் பேச்சை. சுவரைப் பார்த்துப் படுத்து நான்கு மாதமாகிறது. கிளினிக் டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆலோசகரிடம் பேசவும் வேண்டும் என்றார். பெடாஸிலிருந்து வாராவாரம் சிரம்பான் டவுனுக்குக் கூட்டிப்போக ஷிப்டு இடம்கொடுக்காததால், ரோகினிதான் இணையத்தில் பேசும் ஆலோசகர் ஒருவரைத் தேடிப்பிடித்தாள். கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

திரையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி வந்தாள். பேர் கோமளா என்றாள். "சொல்லுங்கோ" என்றதுமே பஞ்சாலையின் முதுகு தானாக நிமிர்ந்தது. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டில் கேட்ட பேச்சு. அந்தப் பேச்சுக்கு எதிரில் அவளுடைய அப்பா 'ஆமாங்க' தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதனாலல்ல. குறி கேட்கப் போகிறவர்கள் பேசக் கூடாது. தோட்டத்து முனியாண்டி கோயிலில், வந்தவளின் குறையைச் சாமிதான் எடுத்துச் சொல்லும். சரியாகச் சொன்னால் தலையாட்டலாம். நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் சாமி எதற்கு? நெஞ்சுக்குள் கிடக்கும் அந்த ஒன்றை இவள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் பஞ்சாலை குளித்துவிட்டு வந்திருந்தாள். அதைத் தன் வாயால் சொல்லத்தான் அவளுக்குத் தெம்பில்லை.

கோமளா அவசரப்படாமல் காத்திருந்தாள். பிறகு, இப்படிப் பேசுவதால் என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நீங்கதான் சொல்லணும் மிஸ். எனக்கு என்னான்னு."

"எனக்குத் தெரியாதம்மா. நீங்கள் சொன்னாத்தான் தெரியும்."

தெரியாது என்று சொன்ன சாமியை அவள் கண்டதில்லை. ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தவளிடம் கோமளா நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு நாளில் தீராது, வாரம் ஒரு தடவையாக எட்டுப் பத்துத் தடவை பேசிப் பார்க்க வேண்டும். பேசின அன்றைக்கு மனசு இன்னும் கனத்துப்போகலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது. சுகமாக்கித் தருகிறேன் என்று சத்தியம் செய்ய முடியாது. கூட இருந்து வழி தேட முடியும். பேசுவது எதுவும் வெளியே போகாது, ஒன்றைத் தவிர. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் வீட்டில் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். யார் பேரை எழுதிக்கொள்ளட்டும்?

"ரோகினி" என்றாள் பஞ்சாலை. சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த ஒன்றைச் சொன்னால் நேரே அவளுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் அது இந்த அறைக்குள் தன்னோடேயே கிடக்கும். வேலை முடிந்து வந்ததும் ரோகினி செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைவாசலில் நிற்பாள். போர்வை ஏறி இறங்குகிறதா என்று அவள் பார்ப்பதைத் தூங்குவதுபோல் கிடந்து எத்தனை நாள் பஞ்சாலை கண்டிருக்கிறாள்.

"காலையில கண்ணு முழிச்சா, ஐயோ, இன்னிக்கும் முழிச்சிட்டோமேன்னு இருக்கு மிஸ்."

கோமளா முகம் மாறவில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டாள். பஞ்சாலை தலையாட்டினாள். இதைச் சொன்னது நல்லது, நான் லைனை விட்டுப் போகமாட்டேன் என்றாள் கோமளா. மேலும் சிலவற்றைக் கேட்டுவிட்டு, மகளுக்கு இப்போதே தெரிய வேண்டும் என்றாள்.

"நான் சொல்லட்டோ, நீங்களே சொல்றியளோ?"

பஞ்சாலை எழுந்துபோய்க் கதவுப்பிடியில் கை வைத்தாள். அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கும் வாசனை. ரோகினி கரண்டியால் சட்டியைத் தட்டும் சத்தம். கூப்பிட வாயெடுத்தாள், பேர் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கைப்பேசியின் மூலையில், அவள் இருந்த சின்னக் கட்டத்தில், அமுங்கிய மெத்தையும் வெறும் சுவரும்தான் இருந்தன. பெரிய கட்டத்தில் கோமளா, சொன்னபடியே லைனை விட்டுப் போகாமல், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.