பீரோ கண்ணாடிக்குள் இருந்த அக்கா

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் எல்லம்மாவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள்.

முனிகிருஷ்ணன் அடுப்படியில் கேழ்வரகுக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, உக்காருங்க. எப்ப வந்தீங்க?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று கரண்டியோடு ஓடினார். மர்பி டவுனில் மத்தியான வெயில் எதிர்வீட்டுத் தகரத்தில் பட்டு அந்த அறைச் சுவரில் தண்ணீர் போல அசையும். அந்த வெளிச்சத்தில் எல்லம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பீரோ கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள்ளும் நரைத்த கொண்டையோடு ஒருத்தி சிரித்தாள்.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லிச் சில வருஷம் ஆகிவிட்டது. முதலில் அடுப்பில் வைத்த பால் மறந்தது, பிறகு தெருப்பெயர். கடைசியில் புருஷனும் மறந்துபோனார். "ஏங்க" என்றே கூப்பிட்டுவந்தவள், ஒருநாள் "அண்ணா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நின்றார். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தலை வாரிவிடுவதும் எல்லாம் அந்த அண்ணாதான்.

அக்கா வந்த பிறகு எல்லம்மா முகம் தெளிந்தது. மத்தியானம் முழுக்கப் பேச்சு. அவர் வாசல்படியில் உட்கார்ந்து கேட்பார். பீன்யா ஃபேக்டரியில் அவருக்கு ஷிஃப்ட், ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக அவளுக்கு ஷிஃப்ட். ஒருத்தர் எழும்போது இன்னொருத்தர் படுத்தே வாழ்க்கை ஓடியிருந்தது. அவள் இவ்வளவு பேசுவாள் என்றே அவருக்குத் தெரியாது.

"எங்க வூட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டாருக்கா," என்றாள் ஒருநாள். "ஆனா நா தூங்கினு இருந்தா சத்தம் வரக்கூடாதுன்னு ஷூவ கைல தூக்கினு போயி ரோட்டுலதான் மாட்டுவாரு. நா முழிச்சினுதான் இருப்பேன். தூங்குற மாதிரியே கெடப்பேன்."

முனிகிருஷ்ணன் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கஞ்சி ஆறி ஆடை கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை தொம்மலூரிலிருந்து மகள் மமதா வந்தாள். அம்மா கண்ணாடிக்குச் சோறு ஊட்டுவதையும், பருப்பு கண்ணாடியில் வழிவதையும் பார்த்து அழுதுவிட்டாள்.

"நைனா, இது நல்லால்ல. யாரோன்னு அம்மா பயந்துக்கப் போவுது. கண்ணாடிய மூடி வைக்கணுமாம், படிச்சேன்."

"அவ எங்க பயந்தா?"

"பயந்தப்பறம் என்ன பண்ணுவ?"

மமதா ஒரு போர்வையை எடுத்துப் பீரோவின் மேல் தொங்கவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து எல்லம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா எங்க?" என்று கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் தேடினாள். ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது வாசல் திறந்து கிடந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். தெருமுனையில் மரம் பூத்து ரோடெல்லாம் ரோஸ் நிறமாக இருந்தது. பூ அப்பிய ஒரு காருக்குப் பக்கத்தில் எல்லம்மா நின்று, அதன் கறுப்புக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு ஆஞ்சலா அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"கார்ல எங்கக்கா கெளம்பிட்டீங்க? ஒரு வார்த்த சொல்லாம போறீங்களே," என்றாள் எல்லம்மா காரைப் பார்த்து.

அவர் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தார். "அக்கா எங்கயும் போவல. வூட்லதான் இருக்காங்க, வா."

"நெஜமாவா அண்ணா?"

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்த போர்வையை இழுத்துக் கீழே போட்டார். எல்லம்மா கைதட்டாத குறை. ஓடிவந்த களைப்பில் அவரும் கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இதற்கு முன் அவர் அந்தக் கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்ததில்லை.

எல்லம்மா உற்றுப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, "அக்கா வூட்டுக்காரரும் வந்துகிறாரு," என்றாள். "அந்த ஆள பாருங்கண்ணா. கண்ணு ரெண்டும் குழி விழுந்துபோச்சு. தூங்கி எத்தன நாளாச்சோ. நா வார்டுல பாத்திருக்கேன். பேஷண்ட் கூட இருக்கறவங்கள யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

முனிகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். மழிக்காத தாடி. சட்டைப் பித்தான் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது. பாவம், யாரோ கிழவன் என்றுதான் அவருக்கும் முதலில் தோன்றியது.

"என்ன பண்ணலாம்?" என்றார்.

"படுக்கச் சொல்லுங்க. அக்காவ நா பாத்துக்கறேன்."

கூடவே வந்திருந்த ஆஞ்சலா வாசலில் நின்றாள். "நீ சும்மா படு முனியண்ணா. சாயங்காலம் வரைக்கும் நா இருக்கேன்," என்றாள். இதற்கு முன்னாலும் பலதடவை கேட்டிருக்கிறாள். "பரவால்லம்மா, நா பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு தடவையும் அனுப்பியிருக்கிறார். இன்று அந்தப் பரவாயில்லை வாயில் வரவில்லை. அப்படியே சாய்ந்தார். சுவரில் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. பெண்களின் குரல் கிட்டே வந்தது, தூரமாய்ப் போனது. எல்லம்மாவின் உள்ளங்கை அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே இருந்தது. கட்டில் மெல்ல மிதந்து எங்கோ போவதுபோல இருந்தது, அவர் தடுக்கவில்லை.

எழுந்ததும் மமதாவுக்கு போன் போட்டார். "வாரத்துல ரெண்டு நாளு வந்து அம்மாவ பாத்துக்கறியா? என்னால தனியா முடியலம்மா."

"இத எப்பவோ சொல்றதுக்கென்ன நைனா," என்றாள் மகள்.

புதன்கிழமை அவள் வந்தபோது மழை பிடித்திருந்தது. முன்னறையில் படுத்திருந்த அவருக்குப் பாதித் தூக்கம். அறை வாசலில் மகள் தயங்கி நிற்பது தெரிந்தது. பிறகு உள்ளே போய், கண்ணாடிக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"பெரியம்மா," என்றாள் மமதா, "சாப்டீங்களா?"