கூரைமேல் கழிவு உப்பு

புரட்டாசி பாதி கழிந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியில் மழைத்தண்ணீர் விழுந்த பிறகு உப்பு ஏது? அதற்கு முன்னால் இரண்டு வேலை மிச்சம் இருக்கும். வெட்டவெளியில் குவித்து வைத்த உப்பு அம்பாரத்தைப் பனை ஓலை போட்டு மூட வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஷெட்டை மழைக்குத் தயார் செய்ய வேண்டும். இந்த வருசம் அம்பாரத்தை ஒழுங்காக மூடினோம். ஷெட்டுக்குச் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டுகிறது.

அது உப்பைப் பாக்கெட் போடும் ஷெட்டு. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேலே நாலு பக்கமும் தகரம், கூரையும் தகரம். மழைக்காலத்தில் அங்கே வேலை நடக்காது. கழுவெளி ஏரி நிரம்பி எங்கள் காலனிக்குள் தண்ணீர் வந்துவிட்டால் நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுக்கிற இடம் அதுதான். அதைச் சொல்லிச் சொல்லியே முதலாளி சிவப்பிரகாசம் நல்ல பேர் எடுத்துவிட்டார்.

இந்த வருசம் அந்தக் கூரை எனக்கு ரொம்ப வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கலியனுக்கு வலது காலில் புண். காலமெல்லாம் உப்புத்தண்ணீரில் நின்ற கால், அதோடு சர்க்கரை வேறு. விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரிக்கும்போது வருகிற வாடையை நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மழை முடியற வரைக்கும் அந்தக் காலு நனையக் கூடாதும்மா. நனைஞ்சா இன்னொரு வாட்டி அழுகும். அப்புறம் முட்டிக்குக் கீழ எடுக்கறத தவிர வழி இல்ல."

அதனால் ஷெட்டு வேலைக்கு ஆள் கேட்டபோது நானே முதலில் போய் நின்றேன். என் புருசன் படுக்கப்போகிற கூரையை என் கையாலேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

மேஸ்திரி ஜான்சன். சித்தாள் வேலைக்கு நானும் அந்தோணிமேரியும். ஏணி வைத்து மேலே ஏறினால் தகரமே தெரியவில்லை, புறா எச்சம். வெயிலில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. துடைப்பத்தால் தள்ளினால் தூளாகப் பறந்து மூக்கிலும் வாயிலும் போனது. கூரையும் முன்பக்கச் சாய்ப்பும் சேருகிற இடத்தில் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு தகரக் கால்வாய் உண்டு. அதற்குள் சேறும் இறகும் உடைந்த முட்டையும் சேர்ந்து களி மாதிரி கிடந்தது. கையை விட்டு அள்ளினேன். மெத்தென்று ஒன்று வந்தது. எலி. பாதி எலி.

அந்தோணிமேரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "யக்கா, இந்தக் கையால மத்தியானம் சோறு துன்னணுமா?"

"வேற கை வெச்சிருந்தா அதால துன்னு."

"எங்க வூட்டுல ஒரு ஸ்பூன் இருக்குது. மாதா படத்துக்கு முன்னாடி வெச்சது வெச்ச மாதிரி. நாளைக்கு அதக் கொண்டாந்துடறேன்."

"மாதாவுக்கே வாந்தி வந்துடும், சும்மா இரு."

எச்சத்தைக் கழுவின பிறகுதான் தகரத்தின் லட்சணம் தெரிந்தது. கடல் பக்கத்துத் தகரத்தைக் கட்டை விரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி உடைந்து விரல் உள்ளே போனது. தகரத்தை இரும்புச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற கொக்கி போல்ட்டுகள் எல்லாம் துருப்பிடித்து ஊசி கணக்காக இளைத்திருந்தன. சுவர்ப் பக்கத் தகரமும் அப்படியே. அடியில் பல் பல்லாக அரித்து வெளிச்சம் தெரிந்தது.

ஜான்சன் ஒரு டப்பாவில் தாரும் ஒரு வாளியில் சில்வர் பெயிண்டும் கொண்டுவந்து வைத்தான்.

"ஏம்பா, போல்ட்டு மாத்தலியா?" என்று கேட்டேன்.

"மாத்தணும்னா ஷீட்டக் கழட்டணும். கழட்டினா ஷீட்டா வரும்? தூளாத்தான் வரும். போல்ட்டுத் தலைல தார வெச்சி, மேல சில்வர் அடிச்சி விடு. பளபளன்னு இருக்கும்."

"பளபளன்னு இருந்து?"

"யக்கா, நீ சித்தாளா, இஞ்சினீரா?"

வாயில் இருந்த பாக்கை அப்போதுதான் அடித்து முடித்த தகரத்தின் மேல் துப்பினான். சிவப்பாக வழிந்தது. பிறகு அதன் மேலேயே பிரஷ்ஷை இழுத்தான். பெயிண்டோடு துருப் பொருக்கும் பெயர்ந்து வந்தது. அதையும் சேர்த்துப் பூசினோம். சுவர்ப் பக்கத்து ஓட்டையில் சிமெண்டுச் சாக்கைத் திணித்து அதற்கும் பெயிண்டு அடித்தோம்.

முதலாளி கார் வந்தது. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"கீழேர்ந்து பாத்தா புதுசு கணக்கா இருக்குது ஜான்சன்."

"எல்லாம் டைட் பண்ணியாச்சிங்க."

"காத்துக்குத் தூக்காதே?"

"மேல வெயிட்டு வெச்சிடறேங்க. மூட்ட கட்டி."

"எதுல மூட்ட கட்டுவ? மணல் வண்டி ஓட்டினா புடிக்கிறாங்க, தெரியுமில்ல."

ஜான்சன் திரும்பி ஷெட்டு ஓரத்தில் கிடந்த குவியலைக் காட்டினான். கழிவு உப்பு. சேறு கலந்து சாம்பல் நிறமாகப் போய், யாரும் வாங்காத உப்பு. வருசம் பூரா அங்கேதான் கொட்டுவோம். வரப்பு உடைந்தால் அதைப் போட்டு அடைப்போம். பள்ளம் இருந்தால் அதைப் போட்டு நிரப்புவோம். எங்களுக்கு எதற்கெடுத்தாலும் அந்த உப்புதான்.

"இதையே கட்டி வெச்சிட்டா எடமும் சுத்தமாவும், கூரைக்கு வெயிட்டும் ஆவும்ங்க."

முதலாளி தலையை ஆட்டிவிட்டுக் கார் ஏறினார். உப்பு வியாபாரமே பரம்பரைத் தொழில் அவருக்கு. மழை பட்டால் உப்பு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? ஜான்சனுக்குத் தெரியாதா? அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அந்த மழைக்குப் பயந்துதானே நாங்கள் வருசா வருசம் அம்பாரத்துக்கு ஓலை போடுகிறோம்.

"கரைஞ்சிடும்பா," என்றேன்.

"உரச் சாக்கு யக்கா. உள்ள பிளாஸ்டிக்கு இருக்குது. வாயக் கெட்டியா கட்டினா தண்ணி எப்படிப் போவும்?"

அந்தச் சாக்குகள் கோடை முழுக்க வெயிலில் கிடந்தவை. கையில் எடுத்தால் நார் நாராக உதிர்ந்தன. உப்புக்குப் பதிலாகக் களிமண் போடலாம் என்றேன். வரப்பை வெட்ட வேண்டும், தண்ணீரில் இறங்க வேண்டும், ஆள் போதாது என்றான். அந்தோணிமேரி அள்ளிப் போட்டாள், நான் வாயைக் கட்டினேன், ஜான்சன் கயிறு கட்டி மேலே இழுத்தான். தகர விளிம்பெல்லாம் மூட்டையாக வரிசை கட்டி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் அம்பாரத்துக்கு ஓலை போட்டோம். முதலாளி காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓலை புது ஓலை. அடுக்கின் மேலே அடுக்கு, இடுக்கில் ஈர்க்குச்சி நுழையாது. குறுக்கே கயிறு போட்டு, இரண்டு பக்கமும் மூட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். அந்த மூட்டைக்குக் களிமண். அன்றைக்கு வரப்பை வெட்ட ஆள் கிடைத்தது. தண்ணீரில் இறங்கவும் ஆள் கிடைத்தது. "நல்லா இழுத்துக் கட்டுங்க, ஓல பறந்துடப் போவுது," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எச்சில் கூட்டித் துப்பினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் மழைக்கே கூரையில் இருந்து வெள்ளை வெள்ளையாக வழிந்து சில்வர் பெயிண்டின் மேல் கோடு விழுந்தது. ஜான்சனுக்குப் போன் போட்டேன். "தூசி யக்கா, கழுவிக்கினு போவுது," என்றான்.

அப்புறம் புயல் சின்னம் என்றார்கள். காலையில் காலனிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கலியன் காலில் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, வாயை ரப்பரால் கட்டி, மீன்பாடி வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். பாக்கெட் போடும் மேசையைக் காலி செய்து அதன் மேலே அவரைப் படுக்க வைத்தோம்.

கொஞ்ச நேரம்தான். மேலே இருந்து ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடி இது, கரிக்குது?"

நான் அண்ணாந்து பார்த்தேன். போல்ட்டு இருந்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்து கொண்டிருந்தது. துருவும் உப்பும் சேர்ந்த தண்ணீர். மேசையை நகர்த்தினோம். அங்கேயும் சொட்டியது. பிளாஸ்டிக் பையைத் தாண்டி உள்ளே போய்விடுமோ என்று நான் என் சேலையைக் கழற்றாத குறையாக முந்தானையை மடித்து அந்தக் காலின் மேல் போட்டேன். அந்தோணிமேரி ஒரு முறத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காற்று ஏறியது. கடல் பக்கத்து மூலைத் தகரம் படபடவென்று அடித்தது. தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் உள்ளே வானம் தெரிந்தது, மழை ஒரு வாளி ஊற்றினது மாதிரி விழுந்தது.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். கூரைமேல் மூட்டையே இல்லை. சாக்கு மட்டும் இருந்தது. உரித்துப் போட்ட தோல் மாதிரி சப்பையாக ஒட்டிக்கொண்டு, காற்றுக்கு ஆடியது. நான் கட்டின முடிச்சு மட்டும் கெட்டியாக இருந்தது.

எதிரே அம்பாரம். அதன் மேலே ஒரு ஓலை அசையவில்லை.

ஜான்சன் ரெயின்கோட் போட்டுக்கொண்டு அம்பாரத்துப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "சேஃப்டியா இருக்குதுங்க. ஒரு பொட்டுத் தண்ணி எறங்கலங்க."

நான் ஷெட்டுக்குள் போய் சாக்கு அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவனைத் தாண்டிப் போய் முதல் கயிற்றை அறுத்தேன். களிமண் மூட்டை தொப்பென்று விழுந்தது.

"யக்கா! இன்னா பண்ற நீ? பைத்தியமா?"

"உனக்குக் கரையாத மூட்ட வேணாம்னு சொன்ன. எனக்கு வேணும்."

"முதலாளி லைன்ல இருக்காரு!"

"நனையாத எடத்துலதான இருக்காரு? இருக்கட்டும்."

அந்தோணிமேரி முறத்தை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். கயிற்று நுனியில் செங்கல் கட்டி ஷெட்டுக்கு மேலே வீசினோம். அந்தப் பக்கம் பிடித்து இழுத்து, இரண்டு முனையிலும் களிமண் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். அம்பாரத்துக்கு எப்படிக் கட்டுவோமோ அப்படியே. ஒரு கயிறு, அடுத்த கயிறு. மூலைத் தகரம் இன்னும் இரண்டு தடவை முனகிவிட்டு அடங்கியது. பிறகு ஓலையையும் இழுத்து வந்து சொட்டுகிற இடத்துக்கு நேராக உள்ளே பந்தல் மாதிரி செருகினோம். அதற்குள் அம்பாரத்தின் ஒரு பக்கம் திறந்துபோய் மழை குடைய ஆரம்பித்திருந்தது.

ஜான்சன் போனை அணைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். மெதுவாகச் சொன்னான்.

"யக்கா, மழ சத்தத்துல அவருக்கு ஒண்ணும் கேக்கல, போன் பேசிட்டு நான் அந்தாண்ட போயிட்டேன்னு சொல்லிடறேன். திரும்பி வந்து பாத்தப்ப காத்து அவுத்துக்கினு போயிருந்துச்சின்னு சொல்லிடறேன். நீயும் அப்படியே சொல்லு. யாருக்கும் பிரச்சன இல்ல."

அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. துருவுக்குப் பெயிண்டு, இதற்கும் ஒரு பெயிண்டு.

"காத்து அவுக்கல. ராசம்மா அறுத்தான்னு சொல்லு," என்றேன். "அடுத்த வருசம் எனக்கு உப்பளத்துல வேல இல்லன்னு சொல்லுவாரு. சொல்லட்டும். நீ நவுரு, கயித்த மிதிக்காத."

கரைந்த உப்பு வாசல் பூரா ஓடிக்கொண்டிருந்தது. என் குதிகால் வெடிப்பில் புகுந்து தீ வைத்த மாதிரி எரிந்தது. உள்ளே வந்து முதல் வேலையாகக் கலியன் காலைத் தொட்டுப் பார்த்தேன். மேல் பை நனைந்திருந்தது. அதைப் பிரித்தேன். உள் பை மேலேயும் ஈரம். அதையும் பிரித்தேன். கட்டு காய்ந்திருந்தது. மோந்து பார்த்தேன். பழைய வாடைதான்.

"வெளிய இன்னாடி சத்தம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. உப்பு கரையுது."

"எந்த உப்பு?"

"முதலாளி உப்பு. நீ காலத் தொங்கப் போடாம படு."