குரலை விழுங்கிய கொப்பரை

அவளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பல் மருத்துவமனை ஒன்றின் முன்மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வரிசையாக உள்ளே அனுப்புவது வேலை. ஆனாலும் வீட்டிலும் நாடகக் குழுவிலும் எல்லோருக்கும் அவள் ‘வாலு’தான். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். அது உதிர்ந்துபோகிற அளவுக்கு அவள் இன்னும் அடங்கவில்லை.

குழு அந்த முறை எடுத்துக்கொண்டது பழங்காலத்துச் சோக நாடகம். தன் கிரீடத்தைத் திருடியது யார் என்று கேட்க ஒரு ராஜா காட்டுக்குப் போய், மூன்று சூனியக்காரிகளின் கொப்பரைக்குள் எட்டிப் பார்க்கிறான். உள்ளே தெரிவது அவன் முகமேதான். மூத்த சூனியக்காரி வாலு. அடுத்தவள் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். மூன்றாவது சூனியக்காரி, மீசையை எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பழுதான வாஷிங் மெஷினின் உருளைக்குக் கறுப்படித்து, உள்ளே சிவப்பு பல்பு போட்டுக் கொப்பரை செய்திருந்தார்கள். துளைகள் வழியே வெளிச்சம் கசிந்தபோது, செய்தவர்களே ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

ராஜாதான் தொல்லை. ஆள் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மேடையில் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால் ‘கர்ஜனை’ என்று பெயர். நாடகத்தை இயக்கிய கணக்கு வாத்தியாருக்கு அவர் அக்கா புருஷன். ஆகவே அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

“மச்சான், இந்தச் சூனியக்காரிங்க கிண்டிக்கிட்டே இருக்காங்க,” என்றார் ஒரு நாள் ஒத்திகையில். “ஜனங்க ராஜாவைப் பாக்க வர்றாங்களா, சமையலைப் பாக்க வர்றாங்களா? வெட்டித் தள்ளு.”

வாத்தியார் தலையைச் சொறிந்தார். அடுத்த ஒத்திகைக்குள் சூனியக்காரிகளின் காட்சியில் முக்கால்வாசி போயே போய்விட்டது. டிரைவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு ‘ஹூம்’.

“ஹூம்கூட நல்லா சொல்லலாம்ணே,” என்று தேற்றினாள் தையல்காரி.

“ஆயுசு பூரா ஹாரன் அடிச்சவன்மா நான். ‘ஹூம்’ சொல்றதுக்கா இங்க வந்தேன்?”

வாலு வெறும் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் இப்படிக் கிண்டினால் உள்ளே ஏதோ வேகிறது என்று அர்த்தம்.

அவளுடைய தம்பி கூரியர் அலுவலகத்தில் வேலை பார்த்தான். விடுமுறை நாள் மதியங்களில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, நண்பர்களோடு ஒரு பலகை விளையாட்டு ஆடுவான். நடுவில் குழந்தையின் கைக்குள் அடங்குகிற மண் கொப்பரை. பகடை உருட்டி, ஆந்தையின் கொட்டாவி, கல்லறைப் பாசி, பொய்ச்சாட்சியின் நாக்கு என்று எழுதிய அட்டைகளை அதில் போட வேண்டும். பகடையில் ஒன்று விழுந்தவன் சாபங்களின் சீட்டுக்கட்டிலிருந்து ஓர் அட்டை எடுத்து, அதில் உள்ளபடி நடக்க வேண்டும்.

“போட்டின்னு சொன்னா போதும், கர்ஜனை வந்துடுவார்,” என்றாள் வாலு. “வாயடைக்கிற சாபத்தை மேல வச்சிரு. ஒரு மதியமாவது மனுஷன் சும்மா இருக்கட்டும்.”

“அக்கா, இது கள்ளாட்டம்.”

“சூனியக்காரி எப்படா நேர்மையா ஆடினா?”

கர்ஜனை வந்தார். உருட்டினார். ஒன்று விழுந்தது. அட்டையைத் திருப்பினார்: ‘உன் குரல் கொப்பரைக்குள் போயிற்று. சூனியக்காரிகள் திருப்பித் தரும் வரை பேசாதே.’

“அட்டைக்கெல்லாம் பயப்படுற ஆளா நான்!” என்று அவர் கத்தியதில் பகடை தானாக ஒரு முறை புரண்டது. அதன் பிறகு சும்மா இருக்கவே இல்லை. விதி தப்பு என்றார், பகடை கோணல் என்றார், ஐஸ் போட்ட சர்பத்தை மடக்மடக்கென்று குடித்துவிட்டு மறுபடி கத்தினார். பொழுது சாயும் வரை அந்தச் சாப்பாட்டறை சந்தைக்கடையாக இருந்தது. வாலுவின் திட்டம் படுதோல்வி.

மறுநாள் காலையில் அவருக்குக் குரல் இல்லை.

தொண்டை புண்ணாகியிருக்கிறது, கத்தாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். கர்ஜனையின் மனம் கேட்கவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நேராக ஒத்திகைக் கூடத்துக்கு வந்து, வாலுவின் முன்னால் நின்றார். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“குடுத்திடும்மா.”

“எதை?”

அவர் வாஷிங் மெஷின் உருளையைக் காட்டினார். வாலுவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் ஒரு கணம் பாவமாகவும் இருந்தது. ஒரு கணம்தான்.

“எங்க காட்சி முழுசா திரும்பி வரணும்,” என்றாள்.

தலையாட்டினார்.

“நாங்க பேசும்போது குறுக்க இருமக் கூடாது,” என்றாள் தையல்காரி.

அதற்கும் ஆட்டினார்.

“எனக்கு ஒரு பாட்டு வேணும்,” என்றார் டிரைவர். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். “சரி, ரெண்டு வரி வசனமாவது.”

கொப்பரை மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார் கர்ஜனை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வேண்டும், நாடகத்தன்று வரை வாயே திறக்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசினாலும் சாபம் முதலிலிருந்து ஆரம்பித்துவிடும் என்று வாலு விதித்தாள். பல் மருத்துவமனையில் நாள் முழுக்கச் சொல்லும் வாசகத்தோடு டாக்டரின் யோசனையைக் கலந்து, கொஞ்சம் கரகரத்த குரலில் சொன்னாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அவர் மனைவி போன் செய்தாள். திட்டு விழப்போகிறது என்று வாலு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“நீதானேம்மா சாபம் போட்டது?”

“அது... சும்மா விளையாட்டுக்குங்க அக்கா.”

“நாடகம் முடிஞ்சப்புறமும் கொஞ்ச நாள் நீட்டிக்க முடியுமா? கல்யாணத்துக்கப்புறம் இப்பத்தான் எங்க வீட்டுக் கடிகாரச் சத்தத்தைக் கேக்கறேன்.”

நாடகத்தன்று கூடம் நிரம்பியிருந்தது. கர்ஜனைக்குக் குரல் திரும்பியிருந்தது, ஆனால் அதை உரக்க எடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மெதுவாகப் பேசினார். கடைசி வரிசைக்காரர்கள்கூட முன்னால் குனிந்து காதைக் கொடுத்தார்கள்.

சூனியக்காரிகள் ஆசை தீரக் கிண்டினார்கள். டிரைவர் தன் இரண்டு வரியையும் பஸ் கிளம்புகிற மாதிரி உறுமிச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். பிறகு ராஜா கொப்பரையை நெருங்கினார். வழக்கமாக மார்பில் அறைந்துகொண்டு அலறும் இடம் அது. அன்றைக்கு எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டியவர், பாதியில் நின்றுவிட்டார். தன் குரலை விழுங்கிய கொப்பரையாயிற்றே என்று விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“பாரு, ராஜா,” என்றாள் வாலு, வசனத்தில் இல்லாத கனிவோடு.

பார்த்தார். “நானா?” என்று கேட்டார், காற்று மாதிரி.

திரை விழுந்ததும் கூட்டம் மேடையேறியது. சூனியக்காரிகளைத் தாண்டி ராஜாவிடம் போனது. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அத்தான், உங்களுக்குள்ள இப்படி ஒரு நடிகன் இருந்தானா!” என்று கட்டிப்பிடித்தார். ஓர் அம்மாள் டிரைவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு ராஜாவோடு படம் எடுத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கு நியாயம்,” என்று பொருமினாள் தையல்காரி. “பழிவாங்கப் போயி அந்த ஆளை நடிகராக்கி விட்டுட்டோம்!”

வாலு ஒட்டுமூக்கைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றெரிச்சல் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ‘நானா’வைக் கேட்டபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்திருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கர்ஜனை பாதி அழிந்த ஒப்பனையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அடுத்த நாடகத்துக்கு ஏத்த மாதிரி ஏதாவது சாபம் வச்சிருக்கியாம்மா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“ஒண்ணு இருக்கு. ஆனா அதுல நான்தான் ராஜா. நீங்க சூனியக்காரி.”

கர்ஜனை அவள் கையிலிருந்த ஒட்டுமூக்கை வாங்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார்.

“வசனம் எத்தனை பக்கம்?” என்றார்.