பீரங்கியும் பதினான்கு பேட்டரியும்

வாலுவை ஒரு பீரங்கிக்கும் பதினான்கு பேட்டரிக்கும் விற்றேன். ஒன்பது பேட்டரியில்தான் பேச்சு ஆரம்பித்தது. பதினான்குவரை ஏற்றியது என் சாமர்த்தியம். வாங்கியவன் ஓர் இயந்திரம். அதுவும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிற இயந்திரம். இருந்தாலும் அவன் ஏமாந்து போய் நிற்பது போலவே எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் மொத்தமாக ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

வாலு என்னுடையது அல்ல. என் அக்கா வீட்டுக்காரருடையது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வருஷ அனுபவம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பழுது பார்க்கப் போனவர், இரண்டாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டார். இரண்டு காலிலும் முறிவு. எலும்பு கூடிவிட்டது. கூடாமல் போனது வேறொன்று. விழுவதற்கு முந்தைய பத்து நிமிஷம் அவர் நினைவிலேயே இல்லை. கதவுப் பூட்டைச் சரிபார்த்தாரா, இல்லையா? கம்பெனிக்காரர்கள் வந்து விசாரித்து, மூன்று பக்கம் எழுதி, 'காரணம் தெரியவில்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"தெரியலன்னா என்ன அர்த்தம்? நான்தான்னு அர்த்தம். மரியாதைக்கு எழுதாம விட்டிருக்காங்க" என்பார் அத்தான். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். நாள் முழுக்க ஜன்னல்தான்.

எனக்குப் பழைய லேப்டாப், பழைய போன் வாங்கி விற்கிற கடை. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நாக்கில்தான் பிழைப்பு. என் அப்பா பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே, "ரெண்டாப் புடுங்கினா எவ்வளவு கொறைப்பீங்க?" என்று கேட்டவர். வலித்த பல் ஒன்றுதான். அந்த ரத்தம் எனக்கும் ஓடுகிறது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த அத்தானுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்து, கடையில் விலை போகாமல் கிடந்த லேப்டாப் ஒன்றைத் துடைத்து, அதில் ஒரு விளையாட்டையும் ஏற்றிக் கொடுத்தேன். விலை போகாதது என்பதை மட்டும் சொல்லவில்லை.

விளையாட்டு இதுதான். பூமிக்கு அடியில் பத்துத் தளம். ஆக அடியில் வெறும் தலையாகக் கிடக்கிற ரோபோ நீங்கள். செத்து விழுந்த ரோபோக்களிடமிருந்து கால், கை, கண், பேட்டரி என்று பொறுக்கி மாட்டிக்கொண்டு, தளம் தளமாக ஏறி வெளியே வர வேண்டும். ஒரே உயிர்தான். செத்தால் மறுபடி அடியிலிருந்து, மறுபடி வெறும் தலை, வழிகளெல்லாம்கூட மாறியிருக்கும். எடுத்து வைக்கிற ஒவ்வோர் அடியும் அப்போதே பதிவாகிவிடும். ஐயோ தப்பு என்று ஓர் அடி பின்னால் போக வழி கிடையாது.

நான் விளையாடினால் மூன்றாவது தளத்தைத் தாண்ட மாட்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து மாட்டிக்கொள்வேன். நாலு துப்பாக்கி, ரெண்டு கேடயம், அதைத் தூக்க ஒரே ஜோடிக் கால். கல்யாண வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டி மாதிரி ஊர்ந்து போவேன். அந்தச் சத்தத்துக்கே எதிரிகள் கூடிவிடுவார்கள்.

"மச்சான், இது கடை இல்ல, சரக்கு சேக்கறதுக்கு" என்று அத்தான் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "துப்பாக்கி இல்லாம வீடு போய்ச் சேரலாம். கால் இல்லாம சேர முடியுமா? மாத்துக் கால் ஒண்ணு எப்பவும் வெச்சுக்கோ. புதுத் தளத்துக்கு வந்ததும் மொதல்ல வெளிய போற வழியைத் தேடு. சண்டை கடைசி. கீழ விழுந்த சாமானுக்காகத் திரும்பிப் போகாத."

"ஓசியில கெடக்கறதை எப்படி அத்தான் விட்டுட்டுப் போறது?"

"அதான் மூணாவது மாடியிலயே சாவுற."

முப்பத்தோரு தடவை செத்து, முப்பத்திரண்டாவது தடவையில்தான் வாலு கிடைத்தது. தரை பெருக்குகிற குட்டி ரோபோ. இரண்டாவது தளத்தில் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது. அத்தான் தன் பேட்டரி ஒன்றைக் கழற்றி அதற்கு மாட்டினார். எழுந்து பின்னாலேயே வந்தது. அதனால் வாலு என்று பேர் வைத்தார். சண்டை போடாது, சுமை தூக்காது. ஆனால் கூடவே வைத்துக் காப்பாற்றினால் தளத்துக்குத் தளம் ஏதாவது கற்றுக்கொள்ளும். ஐந்தாவது தளத்தில் எதிரி வரும் திசைக்குத் தலையைத் திருப்பியது. ஏழாவதில், திறந்து கொள்கிற பொய்த்தரைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்புறம் அத்தான் வாலுவை முன்னால் விட்டுத்தான் நடந்தார். அது நின்றால் இவரும் நிற்பார்.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை வந்தால் அதே வேலை, வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று. அக்கா தினம் கேட்டாள். ஒருநாள் அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இதை மேல கொண்டாந்துட்டேன்னா போறேன். ஒருத்தனையாவது விழாம ஏத்திவிட என்னால முடியுதான்னு பாக்கறேன்."

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கிள்ளினாள். "டேய், அந்தச் சனியன் எப்படா மேல வரும்?"

"எட்டாவது வந்தாச்சு. இன்னும் ரெண்டுதான்."

"வந்துச்சுன்னா அதுக்குச் சூடம் காட்டறேன்" என்றாள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் இருவரும் கால் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். லேப்டாப் சூடாகிறது, ஃபேனைத் துடைத்துத் தருகிறேன் என்று நான் வந்திருந்தேன். "அப்படியே இருக்கட்டும் மச்சான். நீ அசையாத வரைக்கும் அங்க ஒருத்தனும் அசைய மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபேனைத் துடைத்தேன். திரையைப் பார்த்தேன். எதிரே நாலு அடியில் ஒரு பண்டமாற்று இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. அதன் தோளில் பீரங்கி.

எனக்கு அது தேவையே இல்லை. விலை என்னவென்று தெரிந்துகொள்ளலாம் என்றுதான் போனேன். விலை கேட்டவனெல்லாம் வாங்கியாக வேண்டும் என்று சட்டமா என்ன? காலைக் காட்டினேன், வேண்டாம் என்றது. கண்ணைக் காட்டினேன், வேண்டாம். வாலுவைச் சுட்டிக் காட்டியது: பீரங்கியும் ஒன்பது பேட்டரியும் தருகிறேன். மறுத்தேன். பதினொன்று என்றது. மறுபடி மறுத்துவிட்டு ஓர் அடி தள்ளிப் போனேன். கடையைவிட்டு இறங்குவது போலப் பாவலா. அதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டாயிற்று. 'பதினான்கு. கடைசி விலை' என்று வந்தது.

எதிராளி வாயால் கடைசி விலை என்று வரவைத்துவிட்டு வெறுங்கையோடு நடக்க எங்கள் வீட்டில் யாரும் பழக்கவில்லை. விரல் அழுத்திவிட்டது. பீரங்கி இருந்தால் மிச்சம் இரண்டு தளத்தையும் ஊதித் தள்ளிவிடலாம், அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார் என்றுகூட நினைத்தேன். வாலுவின் பச்சை விளக்கு சாம்பல் நிறமாக மாறியது. ஓர் அடி வைத்தேன். பின்னால் யாரும் வரவில்லை.

திரும்ப வாங்கப் பார்த்தேன். அதற்கு அவன் சொன்ன விலை பீரங்கி, பதினான்கு பேட்டரி, அதோடு என் இரண்டு கால்கள். லாபம் வைக்கத் தெரிந்தவன்தான். மாற்றுக் கால் இல்லையா என்று பார்த்தேன். முந்தின தளத்தில் அதை அத்தான் மாட்டியாகிவிட்டது.

பிறகு செய்ததை என் கைதான் செய்தது. பழைய போனுக்குப் புதுச் சட்டை மாட்டி ஒரிஜினல் என்று விற்கிற கை. தளத்தின் மூலையில் அதே ஜாதிப் பெருக்கும் ரோபோ ஒன்று கிடந்தது. ஒரு பேட்டரி கொடுத்து எழுப்பினேன். பேர் கேட்டது. வாலு என்று அடித்தேன். பீரங்கியையும் மிச்சப் பேட்டரியையும் இருட்டுச் சந்தில் போட்டேன். அத்தானின் ரோபோவை மாடிப்படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பின்னால் பச்சை விளக்கோடு புது வாலு. பார்த்தால் யாருக்கும் தெரியாது.

"படிகிட்ட வந்து நிக்குதே?" என்றார் அத்தான், வந்ததும்.

"துடைக்கும்போது கை கீயில பட்டிருக்கும்."

"பட்டதும் நல்ல இடமாப் பாத்துல்ல பட்டிருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை காலையில் ஒன்பதாவது தளம். அக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். நான் எதிர் நாற்காலியில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வராமல் இருந்திருக்கலாம். கடையில் உட்கார முடியவில்லை. நீளமான நடை, அத்தான் வாலுவை முன்னால் விட்டார். அது குடுகுடுவென்று போனது. கற்றுக்கொள்ளாத குழந்தைக்கு எது தரை, எது பொய்த்தரை? எடை இல்லாததால் அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அத்தான் அடி வைத்தார். தரை திறந்தது. கீழே, கீழே, இன்னும் கீழே. பிறகு கறுப்புத் திரை.

அக்கா "அய்யோ" என்றாள். அத்தான் கீயிலிருந்து கையை எடுத்தார்.

"அது நின்னிருக்கும்" என்றார். "நின்னு காட்டியிருக்கும். நான்தான் பாக்கல."

"விளையாட்டுதானேங்க."

"பாத்த மாதிரிதான் இருக்கு. ஆனா பாக்கல. அன்னிக்கும் இப்படித்தான் நடந்திருக்கும்." லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போ மச்சான். நல்ல விலை வந்தா வித்துடு."

எடுத்துக்கொண்டு போனேன் என்பதை எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு மாடி இறங்கி, தெருவுக்கே வந்துவிட்டேன். அக்கா மேலேயிருந்து பின்னாலேயே ஓடிவந்தாள். "வேலைக்கு வரலன்னு போன் பண்ணப் போறாராம்டா. நீ சொன்னா கேப்பாரு. உன் பேச்சுக்கு மயங்காதவங்க யாரு?"

நான் திரும்ப ஏறினபோது அத்தான் கையில் போன் இருந்தது.

"ஒரு நிமிஷம் அத்தான். அன்னிக்கு நான் ஃபேன் துடைச்சப்ப ஒண்ணு ரெண்டு கீ பட்டிருக்கலாம்."

"சொன்னியே."

"கொஞ்சம் நடந்திருக்கலாம்."

"எவ்வளவு?"

"நாலடி. பண்டமாற்று இயந்திரம் வரைக்கும்."

அவர் போனைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"விலை கேக்க."

"எதுக்கு விலை?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது வாயிலிருந்து. உண்மையைக்கூட அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு கேள்வியாக ஏற்றிக்கொண்டே போனார். பீரங்கி என்றேன். அதுக்கு என்ன குடுத்த என்றார். ஒன்றும் பெரிதாக இல்லை என்றேன். என்ன குடுத்த என்றார்.

"வாலுவை."

"அப்ப என்கூட வந்தது?"

"வேற. பேர் மட்டும் அதேதான்."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். "அடப்பாவி" என்றாள், மெதுவாக. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அத்தான் கை விரல்களைப் பார்த்தார். "அது நிக்கவே இல்ல."

"இல்ல."

"நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"கண்ணு கொட்டாமப் பாத்தீங்க அத்தான். நான் எதிர்லதானே இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் நிமிர்ந்தார்.

"ஆமா. எதிர்லதான் இருந்த. வித்தது போகட்டும், உன் புத்தி அது. நான்தான் பாக்கலன்னு சொன்னேனே, அப்ப நீ டீயைக் குடிச்சிக்கிட்டு இருந்த."

லேப்டாப்பை மேஜைமேல் வைத்தேன்.

அவர் போனை எடுத்தார். "சார், நான்தான். திங்கக்கிழமை காலையில வரேன். இல்ல சார், கால் நல்லாருக்கு. கண்ணும் நல்லாத்தான் இருக்கு." வைத்துவிட்டு உள்ளே போனார். அக்கா என்னைத் தாண்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். கதவை யாரும் சாத்தவில்லை. நானே சாத்திக்கொண்டு இறங்கினேன்.

மூன்று வாரம் ஆகிறது. அத்தான் வேலைக்குப் போன நாள் பதினெட்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்கியது பதினோரு தடவை. ஏறி வந்ததும் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போகிறேன். வா, உட்காரு, டீ குடி, பாத்துப் போ. வாரத்துக்கு ஆறு வார்த்தை, மூன்று வாரத்துக்குப் பதினெட்டு. மச்சான் என்று கூப்பிட்டது, ஒன்றுமில்லை. பாக்கி என் பேரில் நிற்கிறது.