மறதியில் தின்ற சோறு

பெர்த் நகரத்துக்கும் அப்பால் நடுக்கடலில் இருக்கும் ஹோம் தீவில் ரம்லி என்பவர் நோன்பு மாதத்துப் பகலில் ஏழெட்டுத் தடவை சோறு தின்பார். பானையில் ஒரு பருக்கை குறையாது. இது மூன்று ரமலானாக நடக்கிறது. தீவில் இருப்பதே நானூற்றுச் சொச்சம் பேர், அவர்களில் இதை எட்டிப் பார்க்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். சரக்குக் கப்பல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும், தக்காளி கிலோ பதினாலு டாலர், ரம்லி தின்றால் பானை குறையாது. விஷயம் அவ்வளவுதான்.

ரம்லி முப்பத்தோரு வருஷம் தீவுகளுக்கு நடுவே பயணிகள் படகு ஓட்டியவர். காயலுக்குள் மணல்மேடு எந்த மாதம் எங்கே நகரும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அவருக்கு முதலில் சாவி மறந்தது, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் பெயர், அப்புறம் பெர்த்தில் வேலை பார்க்கும் சொந்த மகன்களின் முகம். நோன்பை மட்டும் அவர் விடவில்லை. பிடித்திருப்பது மறந்துபோகும், அவ்வளவுதான். விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு, ஃபஜர் தொழுதுவிட்டு வருவார், எட்டு மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்துவிடுவார்.

முதல் வருஷம் மனைவி ஸம்ரியா நினைவூட்டினாள். "ஏங்க, நோன்புங்க!" என்பாள். கையில் இருந்த கவளத்தை உதறிவிட்டு மனிதர் காயலுக்கு ஓடி வாயைக் கொப்பளிப்பார், வெட்கத்தில் அழுவார். ஒரு மணி நேரத்தில் திரும்ப அதே தட்டு, அதே ஓட்டம், அதே அழுகை. அவருக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் வாழ்க்கையிலேயே முதல் குற்றம். ஐந்தாம் நாள் ஸம்ரியா பள்ளிவாசலுக்குப் போய் இமாம் அத்னானிடம் கேட்டாள். மறந்து சாப்பிட்டவனின் நோன்பு முறியாது, அல்லாஹ்தான் அவனுக்கு ஊட்டினான் என்று நபிமொழியே இருக்கிறது என்றார் அவர். மூத்தவர்களை மாக், பாக் என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுவது தீவு வழக்கம். "அவன் ஊட்டுறத நீங்க ஏன் தட்டி விடறீங்க, மாக் ஸம்ரியா? தின்னட்டும், விடுங்க."

விட்டாள். அன்றைக்கு அவர் ஆறு தட்டுச் சோறும் மீன் குழம்பும் தின்றார். நோன்பு திறக்கும் நேரத்தில் மூடியைத் திறந்தால் சோறு காலையில் வடித்த மட்டத்திலேயே இருந்தது. ஊட்டுகிறவன் தன் கைச் சோற்றை ஊட்டுகிறான், இவள் பானையில் அவனுக்கு என்ன வேலை என்று ஊர் காரணம் கண்டுபிடித்தது. படகுத்துறையில் பளுதூக்கி வண்டி ஓட்டும் ஹஸ்னோல் தானும் மறந்துபோனதாகச் சொல்லிக்கொண்டு பட்டப்பகலில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். டப்பா ஒழுங்காகக் காலியானது, வயிற்றுவலிதான் மிச்சம். "மறந்தவன் கதவச் சாத்திக்கிட்டா திம்பான்?" என்று அவன் மனைவி கேட்டது இன்றைக்கும் துறையில் ஓடுகிறது.

பானை குறையவில்லை, ஆனால் ஸம்ரியா குறைந்துகொண்டே வந்தாள். அதிசயம் தட்டைக் கழுவாது. அவர் சிந்தியதைத் துடைக்க வேண்டும், செருப்பில்லாமல் துறைக்குப் போய் வராத படகுக்குக் காத்திருப்பவரை அழைத்து வர வேண்டும், இன்றைக்கு என்ன கிழமை என்று நாற்பது தடவை சொல்ல வேண்டும். இதெல்லாம் அவளும் நோன்போடு. மூன்றாம் வருஷம் அவளுக்கு அறுபத்தெட்டு. நின்றபடியே கண் சொக்கும். மனசு விட்டுப்போயிற்று என்று யாரிடமாவது சொல்லலாமென்றால் அதற்கும் வாய் வரவில்லை.

ரம்லியின் தங்கை மைமூன் அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் இமாமையே வீட்டுக்கு அழைத்து வந்தாள். அத்னான் நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். இப்போது ரம்லிக்கு இருப்பது வெறும் மறதி அல்ல. அறிவு தடுமாறிப்போனவர் மீது நோன்பு கடமை இல்லை. அவர் செய்வதை எழுதும் பேனாவே தூக்கப்பட்டுவிட்டது, நன்மையும் இல்லை, பாவமும் இல்லை. ஸஹருக்கு எழுப்ப வேண்டாம், இரண்டு பேரும் தூங்குங்கள்.

"அப்ப பானை ஏன் குறையல?" என்றாள் ஸம்ரியா.

"கிதாபுல பானையப் பத்தி ஒண்ணும் இல்லியே" என்றார் அத்னான்.

மைமூன் சும்மா இருந்திருக்கலாம். "பறவைக்கும் அவன்தான் ஊட்டுறான், அண்ணி. அதுக்காகப் பறவை நோன்பா பிடிக்குது?"

அந்தச் சொல் ஸம்ரியாவுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவர் மனிதர் கணக்கிலேயே இல்லையா? அப்படியானால் இத்தனை வருஷமாக அவள் யாருக்குச் சமைக்கிறாள்? ஆனாலும் எழுப்பத்தான் செய்தாள். காரணத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஸஹர் முடிந்து தண்ணீர் குடித்ததும் ரம்லி கையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வருஷத்து ரமலானின் கடமையான நோன்பை அல்லாஹ்வுக்காக நாளை பிடிக்க நிய்யத் செய்கிறேன் என்ற உறுதிமொழியை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். அந்த அரை நிமிஷம் குரல் பழைய படகுக்காரரின் குரலாக இருக்கும். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் அவள் மூன்றரை மணிக்கு அலாரம் வைத்தாள்.

இருபத்து மூன்றாம் நோன்பன்று ஸம்ரியாவுக்குக் காய்ச்சல் கண்டது. நோயாளிக்கு விலக்கு உண்டு, அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்பது தீவில் பிள்ளைகளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? ஆனால் அலுத்துப்போனவர்களின் பிடிவாதம் தனி ரகம். ஒன்றை விட்டால் எல்லாமே விட்டுப்போகும் என்று பயந்தாள். மதியம் அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்தவள் எழ முடியாமல் அப்படியே இருந்துவிட்டாள்.

ரம்லி வழக்கம்போல் தட்டோடு வந்தார். பானையைத் திறந்து சோறு போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்தார். அன்றைக்கு அது நான்காவது சாப்பாடு. கவளத்தை வாய்வரை கொண்டுபோனவர் அவளைப் பார்த்து நிறுத்தினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து புறங்கையால் நெற்றியைத் தொட்டார். கவளத்தை அவள் வாயருகே நீட்டினார்.

"நோன்புங்க" என்றாள்.

"தெரியும். கொதிக்குது உனக்கு. தின்னு."

"நீங்களும் நோன்புதான்."

"அதுவும் தெரியும்டி. நான் நிய்யத் வெச்சது எனக்குத் தெரியாதா? நீ ஒத்தையில தின்ன மாட்டே. நாப்பத்தாறு வருஷமா இதே ரோதனை." அவள் தடுக்குமுன் அந்தக் கவளத்தைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார். "இந்தா, நான் முறிச்சிட்டேன். இப்பத் தின்னு, ஸம்ரி."

அவள் பெயரை அவர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தின்றாள், அழுதுகொண்டே தின்றாள். அவர் மூன்று கவளம் ஊட்டிவிட்டுக் கையைக் கழுவினார். திரும்பி வந்து, படகு எத்தனை மணிக்கு என்று அவளிடமே விசாரித்தார்.

சாயங்காலம் மைமூன் வந்து பானையைத் திறந்தவள் கூப்பாடு போட்டாள். சோறு குறைந்திருந்தது. நடுவில் குழி, ஒரு பெரிய கவளமும் மூன்று சின்னக் கவளமும் அளவுக்கு. அன்றைக்கே அவர் தின்ற மற்ற சோறு எதுவும் குறைந்திருக்கவில்லை. இரவு இஷாத் தொழுகைக்குமுன் பாதித் தீவு வந்து பார்த்துவிட்டுப் போனது.

இமாம் அத்னான் குழியை வெகுநேரம் பார்த்தார். நடந்ததை ஸம்ரியா சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு, மனசில்லாமல், சொல்ல வேண்டியதைச் சொன்னார். "உங்களுக்குக் குத்தமில்ல, காய்ச்சல். விட்ட நோன்புக்கு ஒரு நாள் களாப் பிடிச்சாப் போதும். பாக் ரம்லி விஷயம் வேற. அவரு நல்ல நெனவோட, தெரிஞ்சே முறிச்சிருக்காரு. அது அவரு பேர்ல எழுதப்படும். அவரும் ஒரு நாள் களாப் பிடிக்கணும், தவ்பா செஞ்சு மன்னிப்பும் கேக்கணும்."

"எழுதப்படுமா?" என்று கேட்டாள் ஸம்ரியா.

"எழுதப்படும்" என்றார் அவர், வருத்தத்தோடு.

தூக்கப்பட்ட பேனா அவருக்காகத் திரும்ப இறங்கியிருந்தது. அந்த மூன்று வருஷத்தில் அவளுக்கு யாரும் இதைவிட நல்ல சேதி சொன்னதில்லை. இமாமுக்கு நன்றி சொன்னாள், பலகாரம் கொடுத்தனுப்பினாள், போய்ப் படுத்து விடியும்வரை ஆழ்ந்து தூங்கினாள். பெருநாள் கழிந்து இரண்டாம் திங்கட்கிழமை இரண்டு பேரும் அந்த ஒரு நாளைப் பிடித்தார்கள். ரம்லி அன்றைக்கு ஐந்து தடவை சாப்பிட்டார். ஸம்ரியா பானையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.